யாழ்ப்பாணத்தில் வாடகை வீட்டுப் பிணக்கு: எங்கே போவது, குடியிருப்பை எப்படி முடிப்பது

படிக்கவோ வேலை மாற்றலிலோ யாழ்ப்பாணம் வந்து முதன்முதலாக வாடகைக்கு வீடு எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும் இது உதவும். பிணக்கு வந்ததும் இரண்டு பக்கமும் முதலில் பேசுவது யாரில் பிழை என்பதைத்தான். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த வீட்டுக்கு எந்தச் சட்டம் பொருந்தும், இந்தப் பிணக்கை விசாரிக்க எந்த மன்றுக்கு அதிகாரம் உண்டு என்பது. அது தெரியாமல் ஓடினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் காலமும் காசும் வீணாகும்.

தமிழில் இணையத்தில் தேடினால் வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சட்டம். பதினொரு மாத ஒப்பந்தம், வாடகை நீதிமன்றம் எல்லாம் அந்த ஊருக்குரியவை. கனடாவில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு வேறொரு பழக்கம். ஒன்ராறியோவில் வீட்டுக்காரர், குடியிருப்பவர் பிணக்குகளுக்கென்று தனியாக ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. வெளியேற்றக் கட்டளையும் அங்கேயே கிடைக்கும். இலங்கையில் அப்படி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடிக்கும் தீர்ப்பாயம் கிடையாது. வாடகைச் சபை என்று ஒன்று உண்டு, ஆனால் அதனால் யாரையும் வீட்டை விட்டு எழுப்ப முடியாது. எழுப்பும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டும்தான். வீட்டுக்காரருக்கோ பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ அது இல்லை. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

1. வீடு எந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்று பாருங்கள்

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்குப் பலமான பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. மாநகர சபை, நகர சபை, அந்தக் காலத்துப் பட்டின சபை எல்லைகளுக்குள்தான் அது இயல்பாகச் செல்லும். வேறு இடங்களில் செல்ல வேண்டுமென்றால் அமைச்சரின் கட்டளை இருக்க வேண்டும். 1980ஆம் ஆண்டு தொடங்கிய பின் கட்டப்பட்ட குடியிருப்பு வீடுகளும் அதற்குள் வருவதில்லை.

ஆகவே இரண்டு விவரங்களைக் கேட்டு எழுதி வையுங்கள்: வீடு எந்தச் சபைக்குச் சோலைவரி கட்டுகிறது, எப்போது கட்டப்பட்டது. யாழ்ப்பாண நகரத்துக்குள் இருக்கும் பழைய நாற்சார் வீடு வாடகைச் சட்டத்துக்குள் வரக்கூடும். பல்கலைக்கழகத்தைச் சுற்றித் திருநெல்வேலியில் அண்மையில் எழுந்த மாடி வீடு வராது. கட்டிய காலம் பற்றி வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். சபையின் வரிப் பதிவேட்டுப் பிரதி, கட்டட அனுமதி, மின் இணைப்புப் பெற்ற திகதி போன்றவை சான்றாகும். போரில் பழைய ஆவணங்கள் அழிந்துபோன வீடுகள் இங்கே நிறைய என்பதால், கையில் ஒரு துண்டுத் தாள் கிடைத்தாலும் பிரதி எடுத்து வையுங்கள்.

வாடகைச் சட்டத்துக்குள் வராத வீடென்றால் பொதுச் சட்டமும் உங்கள் ஒப்பந்தமும்தான் பேசும். பொதுச் சட்டம் என்று நான் சொல்வது ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த உரோம டச்சுச் சட்டத்தை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை வாடகையை நேரடியாக ஆள்வதில்லை, ஆனால் ஓரிடத்தில் குறுக்கே வரும். அதைக் கீழே சொல்கிறேன்.

2. கையில் இருக்கும் ஒப்பந்தம் என்ன வகை?

புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். முத்திரை ஒட்டி, இரண்டு பேரும் கையெழுத்து வைத்து, 'இரண்டு வருடத்துக்கு' என்று எழுதிய தாளைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட்டால்தான் செல்லும். அப்படி எழுதாத இரண்டு வருட ஒப்பந்தத்தை நீதிமன்றம் மாத வாடகைக் குடியிருப்பாகவே பார்க்கும். வாடகைச் சட்டப் பாதுகாப்பும் இல்லாத வீடென்றால், 'இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது' என்று வாதாட இடமில்லை. வீட்டுக்காரர் ஒரு மாத அறிவித்தலுடன் குடியிருப்பை முடிக்கலாம்.

பிள்ளைகளை இந்துக் கல்லூரியிலோ வேம்படியிலோ சேர்த்துவிட்டு, பாடசாலைக் காலம் முழுதும் அதே வீட்டில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நொத்தாரிசுக்குக் கொடுக்கும் காசைப் பார்க்கக் கூடாது. நொத்தாரிசு உறுதியாக எழுதி, காணிப் பதிவகத்திலும் பதியச் சொல்லுங்கள். பிறகு வீட்டை வேறொருவர் வாங்கினாலும் குத்தகைக் காலம் முடியும்வரை அவர் உங்களை எழுப்ப முடியாது. உரோம டச்சுச் சட்டத்தில் விற்பனையைவிடக் குத்தகைக்கே முன்னிடம்.

கையெழுத்து வைப்பவர் யார் என்பதிலும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் பல வீடுகள் மனைவியின் சீதன வீடுகள். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றவோ அதுபற்றி ஒழுங்கு செய்யவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. வாடகை பேசியவர் கணவர், உறுதி மனைவியின் பெயரில் என்றால், குத்தகை உறுதியில் இருவரின் கையெழுத்தையும் வாங்குங்கள். கணவரின் கையெழுத்தை மட்டும் வைத்து எழுதிய குத்தகை பின்னாளில் வில்லங்கமாகும். பெண்ணின் உரிமைக்குக் கணவரின் கையெழுத்தைக் கேட்கும் இந்தச் சட்டம் இன்னும் மாறாமல் இருப்பது எனக்கு உடன்பாடானதல்ல. ஆனால் சட்டம் அப்படி இருக்கும்வரை அதற்கேற்பத்தான் தாள் எழுத வேண்டும்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில், பேசுவது அவருடைய தம்பியோ பெரியம்மாவோ என்றால், பதிவு செய்யப்பட்ட அற்றோணித் தத்துவத்தின் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தின்) பிரதியைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. நாளைக்கு அதே தம்பி வீட்டை எழும்பித் தரச்சொல்லிக் கடிதம் தந்தால், அதற்கு அவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதும் இந்தத் தாளிலிருந்துதான் தெரியும்.

3. வாடகையைத் தடம் தெரியக் கொடுங்கள்

கையில் காசாகக் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். 'எந்த மாதத்து வாடகை' என்பது அதில் இருக்க வேண்டும். வெறும் தொகை போதாது. வங்கியில் போட்டால் குறிப்பில் மாதத்தை எழுதுங்கள். முற்பணத்துக்குத் தனிச் சீட்டு வேண்டும். வாடகைச் சட்டத்துக்குட்பட்ட வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்க முடியாது. மற்ற வீடுகளில் பேசியதுதான் கணக்கு.

பிணக்கு தொடங்கியதும் சில வீட்டுக்காரர்கள் வாடகை வாங்க மறுப்பார்கள். வாங்காமல் விட்டால் நிலுவை ஏறும், நிலுவையைக் காரணம் காட்டி வழக்குப் போடலாம் என்ற யோசனை. வாடகைச் சட்ட வீடென்றால், 21ஆம் பிரிவின் கீழ் அதிகாரமளிக்கப்பட்ட ஆளிடம் வாடகையைக் கட்டலாம். அது வீட்டுக்காரருக்குக் கொடுத்ததாகவே கொள்ளப்படும். எங்கே கட்டுவது என்று மாநகர சபையிலோ நகர சபையிலோ கேளுங்கள். மற்ற வீடுகளுக்குக் காசுக்கட்டளையோ வங்கி வைப்போ செய்து, 'இந்த மாத வாடகையை அனுப்பியிருக்கிறேன்' என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதமும் போட்டுவிடுங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்துவது குடியிருப்பவர் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். கூரை ஒழுகினாலும் நிறுத்த வேண்டாம். அதற்கு வேறு வழி உண்டு.

4. எதற்கு எங்கே போவது

கூரை, மலசலகூடம், கிணறு போன்றவற்றைத் திருத்தாமல் விட்டது, கூடுதல் வாடகை கேட்பது, குடியிருப்புக்குச் சான்றிதழ் வேண்டும் என்பது: இவை வாடகைச் சட்ட வீடுகளில் வாடகைச் சபைக்குரியவை. அதன் தீர்மானத்துக்கு எதிராக மீளாய்வுச் சபைக்குப் போகலாம். உங்கள் பகுதிக்குரிய சபையை எங்கே அணுகுவது என்று மாநகர சபையிலோ பிரதேச செயலகத்திலோ கேட்டறியலாம்.

முற்பணத்தைத் திருப்பித் தரவில்லை, உடைந்த கதவுக்குக் காசு வேண்டும் என்பதுபோன்ற பணப் பிணக்குகளுக்கு மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி, குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பணப் பிணக்கை முதலில் அங்கே கொண்டுபோக வேண்டும். இணக்கம் வராவிட்டால் அவர்கள் தரும் சான்றிதழுடன்தான் நீதிமன்றம் போகலாம். செலவில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. முற்பணப் பிணக்குக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் எண்ணம்.

வீட்டை விட்டு எழுப்புவதற்கான வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில். வழக்கமாக வீடு எங்கே இருக்கிறதோ அந்தப் பகுதி நீதிமன்றம்தான் விசாரிக்கும். யாழ் நகரம், நல்லூர்ப் பக்கம் என்றால் யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றம். சுன்னாகம், தெல்லிப்பழை என்றால் மல்லாகம். நெல்லியடி, வல்வெட்டித்துறைக்குப் பருத்தித்துறை. கொடிகாமத்துக்குச் சாவகச்சேரி. வீட்டுக்காரர் இலண்டனில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும் இது மாறாது.

5. அறிவித்தல்: நாளைப் பாருங்கள்

மாத வாடகைக் குடியிருப்பை முடிக்க ஒரு முழு நாட்காட்டி மாத அறிவித்தல் வேண்டும், அது மாத முடிவில் முடிய வேண்டும். ஒன்றாம் திகதி தொடங்கும் குடியிருப்பென்று வைத்துக்கொள்வோம். மார்ச் 10ஆம் திகதி கடிதம் தந்து 'ஏப்ரல் 10ஆம் திகதி எழும்பு' என்றால் அந்த அறிவித்தல் செல்லாது. மார்ச் 31க்குள் கையில் கிடைத்து, ஏப்ரல் 30ஆம் திகதியுடன் முடிவதாகச் சொல்ல வேண்டும். நாளில் பிழைத்த அறிவித்தலை நம்பிப் போட்ட வழக்கு அந்த ஒரு காரணத்தாலேயே விழுந்துவிடக்கூடும்.

நல்ல அறிவித்தல் இவ்வளவு சுருக்கமாக இருந்தால் போதும்:

'யாழ்ப்பாணம், இன்ன வீதி, இன்ன இலக்க வீட்டில் மாத வாடகைக்குக் குடியிருக்கும் தங்களுக்கு அறியத் தருவது: மேற்படி வீட்டின் மாத வாடகைக் குடியிருப்பை ஏப்ரல் மாதம் 30ஆம் திகதியுடன் முடிவுறுத்துகிறேன். அன்றோ அதற்கு முன்னரோ வீட்டை ஒழித்து என்னிடம் ஒப்படைக்கவும்.'

திகதி, ஆண்டு, கையெழுத்து. பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற்கந்தோர் தரும் சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். வட்ஸ்அப்பில் 'அடுத்த மாசம் எழும்புங்கோ' என்று அனுப்பியதை நம்பி வழக்குக்குப் போக வேண்டாம். குடியிருப்பவர் தானாக வெளியேறும்போதும் இதே கணக்குத்தான்: முழு மாத அறிவித்தல், மாத முடிவு. அதைக் கொடுக்காமல் எழும்பினால் அடுத்த மாத வாடகையைக் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு.

வாடகைச் சட்ட வீடென்றால் அறிவித்தல் மட்டும் போதாது, சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணமும் வேண்டும். வாடகை நிலுவை, வீட்டுக்காரருக்கோ அவரின் குடும்பத்துக்கோ நியாயமாக வீடு தேவைப்படுவது, எழுத்துமூலச் சம்மதமின்றி உள்வாடகைக்கு விட்டது, வீட்டைப் பழுதாக்கியது, அயலவருக்குத் தொந்தரவு: இவைதான் முக்கியமானவை. நிலுவை முதல் தடவை என்றால் மூன்று மாத அறிவித்தல் தர வேண்டும். வழக்குத் தாக்கல் செய்யும் முன் முழு நிலுவையையும் கொடுத்துவிட்டால் அந்தக் காரணம் நிற்காது. மேல்மாடி அறையை ஒரு மாணவனுக்கு விட்டுக் கொஞ்சம் காசு பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் உள்வாடகை என்ற காரணத்தை இன்னொருமுறை வாசியுங்கள்.

நொத்தாரிசுக் குத்தகையில் காலம் முடிந்தால் தனி அறிவித்தல் இல்லாமலே குத்தகை முடியும். இடையில் முடிப்பதானால் உறுதியில் எழுதிய வாசகப்படிதான்.

அறிவித்தல் கொடுத்த பின்னரும் வாடகை வந்தால் வீட்டுக்காரர் என்ன செய்வது? 'வாடகை' என்று பற்றுச்சீட்டு எழுதினால் பழைய குடியிருப்பைத் தொடரச் சம்மதித்ததாக வாதிட இடம் கிடைக்கும். ஆகவே சட்டத்தரணிகள் அதை 'நட்டஈடாக, உரிமைக்குப் பாதகமின்றி' பெற்றதாக எழுதச் சொல்வார்கள்.

6. கேற்றைப் பூட்டினால்

வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்து கொக்குவிலில் இருக்கும் ஓர் ஆசிரியை, ஒரு வெள்ளிக்கிழமை பாடசாலை முடிந்து வந்து பார்க்கிறார்: கேற்றில் புதுப் பூட்டு, சாமான் எல்லாம் உள்ளே. அவர் வாடகை கட்டத் தவறியிருந்தாலும், அறிவித்தல் சரியாகவே வந்திருந்தாலும், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் இப்படிச் செய்ய முடியாது. மின்சாரத்தை வெட்டுவது, கிணற்றை மறிப்பது, கூரை ஓட்டைக் கழற்றுவது எல்லாம் இதே இனம்.

அன்றைக்கே பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். பூட்டையும் உள்ளே தெரியும் சாமானையும் படம் எடுங்கள். பொலிசாரால் யார் உரிமையாளர் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் சமாதானக் குலைவு வரக்கூடும் என்றால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்கு அறிக்கை தாக்கல் செய்யலாம். அவர்கள் செய்யாவிட்டால் நீங்களே சட்டத்தரணி மூலம் செய்யலாம். இங்கே நீதவான்தான் அதை விசாரிப்பார். வீடு யாருடையது என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகாது. யார் குடியிருந்தார், யார் வெளியேற்றினார் என்பதைத்தான் பார்க்கும். வழக்குத் தாக்கல் செய்வதற்கு முந்தைய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்ப வீட்டுக்குள் விடக் கட்டளையிடலாம். இந்த இரண்டு மாதம் மிக முக்கியம். உறவினரைக் கொண்டு சமரசம் பேசுவோம் என்று காலத்தைக் கடத்தினால் இந்த வழி அடைபட்டுவிடும்.

7. அழைப்பாணை வந்தால்

மாவட்ட நீதிமன்ற அழைப்பாணையை வாங்க மறுப்பதால் ஒரு பயனும் இல்லை. குறித்த தவணைக்குப் போகாவிட்டால் உங்களைக் கேட்காமலே ஒருதலைத் தீர்ப்பு வரும். அப்படித் தீர்ப்பாணை வந்துவிட்டால், அது கையில் கிடைத்து 14 நாளுக்குள், வராததற்கு நியாயமான காரணம் காட்டி நீக்கக் கேட்கலாம். முழு விசாரணையின் பின் வந்த தீர்ப்பென்றால் மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாள், மேன்முறையீட்டு மனுவுக்கு 60 நாள். இரண்டையும் தீர்ப்புத் திகதியிலிருந்து எண்ணிப் பாருங்கள்.

2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் இன்னொரு பாதையைத் திறந்திருக்கிறது. எழுத்திலான குத்தகையில் கொடுத்த இடத்தைக் காலம் முடிந்தும் விடாமல் வைத்திருந்தால், வீட்டுக்காரர் மாவட்ட நீதிமன்றத்திலேயே விரைவு முறையில் உடைமையைக் கேட்கலாம். வழக்கமான வழக்குப்போல ஆண்டுக்கணக்கில் இழுபடும் என்று எண்ணி இதில் சும்மா இருந்துவிடாதீர்கள். தாள் கையில் கிடைத்த அன்றே சட்டத்தரணியிடம் கொண்டு போங்கள். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாணக் கிளை இருக்கிறது. வாடகை ஒப்பந்தம், பற்றுச்சீட்டுகள், வந்த தாள், அடையாள அட்டை நான்கையும் கொண்டு போனால் ஒரே நாளில் பேசி முடிக்கலாம்.

தீர்ப்பு வந்த பின்னும் எழுப்புவது வீட்டுக்காரர் அல்ல. நீதிமன்றம் கட்டளை எழுத, அதை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலரான பிஸ்கால் வந்து வீட்டை ஒப்படைப்பார்.

8. 'பத்து வருசம் இருந்தால் வீடு எங்களுக்கு'

இந்தப் பேச்சு யாழ்ப்பாணத்தில் பல குடும்பங்களைப் பிரித்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர் இதற்குப் பயந்து நல்ல குடியிருப்பாளரையும் எழுப்புகிறார். குடியிருப்பவரில் சிலர் இதை நம்பி வாடகையை நிறுத்துகிறார். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்து வருடம் என்று சொல்வது உண்மைதான். ஆனால் அந்தப் பத்து வருடமும் உரிமையாளருக்கு எதிராக, அவருடைய உரிமையை ஏற்காமல் இருந்திருக்க வேண்டும். வாடகை கொடுத்து இருப்பவர் ஒவ்வொரு மாதமும் அந்த உரிமையை ஏற்றுக்கொள்கிறார். இருபது வருடம் இருந்தாலும் அவர் குடியிருப்பவர்தான். 'வீட்டைப் பார்த்துக்கொள்' என்று வாடகையில்லாமல் விடப்பட்டவரும் அனுமதியின் பேரில் இருப்பவரே. யாரிடம் வாடகைக்கு எடுத்தோமோ அவருக்கு அப்போது உரிமை இருக்கவில்லை என்று குடியிருப்பவர் பிறகு மறுக்கவும் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவு விடாது.

வீட்டுக்காரர்களே, பயத்துக்கு மருந்து ஒரு தாள்தான். வாடகை வாங்காமல் சொந்தக்காரரை இருத்தினாலும், 'உங்கள் அனுமதியில் இருக்கிறேன்' என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். உறவு கெடும் என்று தயங்கி எழுதாமல் விட்ட இடங்களில்தான் உறவு பிறகு நீதிமன்றத்தில் முறிகிறது.

9. சாவி கைமாறும் நாள்

வீட்டை விடும்போது இருவரும் சேர்ந்து அறை அறையாக நடந்து பாருங்கள். சுவர், கதவு, பூட்டு, கிணற்றுப் பம்பி, மலசலகூடம் எல்லாவற்றையும் படமெடுங்கள். மின்மானி, நீர்மானி இலக்கங்களைக் குறித்து, அன்றுவரையான கட்டணத்தைப் பிரியுங்கள். முற்பணத்தில் என்ன கழிக்கிறார்கள் என்பதை ஒவ்வொன்றாக எழுதி, மீதியை அப்போதே வாங்குங்கள். 'பிறகு போட்டுவிடுகிறேன்' என்றால் திகதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கடைசியாக, 'இன்ன திகதி வீட்டையும் இத்தனை சாவியையும் பெற்றுக்கொண்டேன்' என்று வீட்டுக்காரர் எழுதித் தர வேண்டும். அந்தத் துண்டு இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். கொடுத்த நாள் எது என்று பின்னர் கேட்டால், வாடகை எதுவரை என்பதை முடிவுசெய்வது அதுதான்.